இளம் வயதில் கணையக் கல்: அல்சர் என்று எண்ணித் தவறவிடப்படும் நோய்

குடிப்பவர்களுக்குத்தான் கணையம் கெடும் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றிவிட்டதால், மதுவைத் தொட்டே அறியாத இளம்பெண் ஒருவர் மேல்வயிற்று வலியோடு வரும்போது யாருக்கும் கணையம் நினைவுக்கு வருவதில்லை. அல்சர் என்றோ வாயுத் தொல்லை என்றோ சொல்லி அமிலம் குறைக்கும் மாத்திரை தரப்படுகிறது. கணையத்தில் கற்கள் சேரும் இந்நோயின் வலி சில நாள்கள் வாட்டிவிட்டுத் தானாகவே அடங்கி, வாரங்களோ மாதங்களோ கழித்துத்தான் மீண்டும் வரும் என்பதால், மாத்திரைதான் குணப்படுத்தியது என்று நோயாளியும் நம்பிவிடுகிறார். என் புறநோயாளிப் பிரிவுக்கு வருபவர்களில் பலர் இப்படிப் பல ஆண்டுகளைக் கடந்தே வருகிறார்கள்.

வெப்பமண்டலக் கணைய அழற்சி எனப்படும் இந்நோயை 1959-இல் இந்தோனேசியாவிலிருந்து சுய்டெமா என்ற மருத்துவர் விவரித்தார். கேரளத்தில் மருத்துவர் கீவர்கீஸ் ஏராளமான நோயாளிகளை ஆராய்ந்து பதிவு செய்தார். மரவள்ளிக் கிழங்குதான் காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் அதை உண்ணாதவர்களுக்கும் இந்நோய் வருவதால் அக்கருத்து வலுவிழந்துவிட்டது. கணையத்துக்குள்ளேயே செரிமான நொதிகள் விழித்துக்கொள்ளாமல் தடுக்கும் புரதத்துக்கான ஸ்பிங்க்1 மரபணுவில் மாற்றம் இருப்பது இந்திய நோயாளிகள் பலரிடம் கண்டறியப்பட்டுள்ளது. எனவே இந்நோயாளியிடம் குடிப்பழக்கம் பற்றிச் சந்தேகத்தோடு திரும்பத் திரும்பக் கேட்பது அவரை வருத்துவதைத் தவிர வேறு பயன் தராது.

வலி முதுகுக்குப் பரவுகிறதா, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றுக் குறைகிறதா என்று நான் முதலில் கேட்பேன். எண்டோஸ்கோப்பி இயல்பாக இருப்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. அது இரைப்பையின் உட்புறத்தைக் காட்டுமே தவிர, அதற்குப் பின்னால் இருக்கும் கணையத்தைக் காட்டாது. கணையம் சுரக்கும் நொதிகளான அமிலேஸ், லைபேஸ் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகளும் நாள்பட்ட அழற்சியில் இயல்பாகவே இருக்கலாம், ஏனெனில் நொதி சுரக்கும் திசுவே அழிந்துகொண்டிருக்கிறது. பல வேளைகளில் சாதாரண எக்ஸ்ரேயிலேயே தெரியும் அளவுக்குக் கற்கள் பெரிதாக இருக்கும், சி.டி. ஸ்கேன் அவற்றை உறுதியாகக் காட்டிவிடும்.

வலியைத் தொடர்ந்து, எண்ணெய்ப் பசையோடு மிதக்கும் மலமும், நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவதும், பின்னர் சர்க்கரை நோயும் வரக்கூடும். வலிக்கு ஒரு மருத்துவர், வயிற்றுப்போக்குக்கு இன்னொருவர், சர்க்கரைக்கு மற்றொருவர் என்று பார்ப்பதால், இவை மூன்றும் ஒரே உறுப்பின் கோளாறு என்பது தெரியாமலே போய்விடுகிறது. மெலிந்த இளைஞருக்குச் சர்க்கரை மிக உயர்ந்திருந்தும் கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் உருவாகவில்லை என்றால் கணையத்தை ஸ்கேன் செய்து பார்ப்பது அவசியம். இவர்களில் பலருக்கு இன்சுலின் தேவைப்படும். ஆனால் சர்க்கரையை உயர்த்தும் குளூக்ககான் சுரப்பும் குன்றியிருப்பதால், தாழ்சர்க்கரை ஏற்படும் ஆபத்தை மனத்தில் வைத்தே அளவை முடிவு செய்ய வேண்டும்.

கணையம் சுரக்க இயலாத செரிமான நொதிகளுக்கு ஈடாகத் தரப்படும் நொதி மாத்திரைகளில்தான் அதிகப் பிழைகளைக் காண்கிறேன். பெரியவர்களுக்கு ஒரு முழு உணவுக்கு 40,000 முதல் 50,000 அலகு லைபேஸ் பொதுவாகத் தேவைப்படும்போது, 10,000 அலகு மாத்திரையை நாளுக்கு ஒன்று எனச் சாப்பாட்டுக்கு வெகுநேரம் கழித்துப் போட்டுக்கொண்டு, பலனில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். விலை அதிகம் என்பதால் குறைத்துக்கொள்பவர்களும் உண்டு; அந்தச் சிரமம் எனக்குப் புரிகிறது, எனினும் உணவோடு சேர்த்து விழுங்கினால்தான் அது வேலை செய்யும்.

கணைய நீரைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் நாளத்தை அடைக்கும் பெரிய கற்களை வெளியிலிருந்து அதிர்வலை செலுத்தி உடைத்து, எண்டோஸ்கோப்பி வழியே துகள்களை அகற்றலாம். நாளம் நன்கு விரிந்து வலி தொடர்ந்தால், அதை நீளவாக்கில் திறந்து சிறுகுடலோடு இணைக்கும் அறுவைச் சிகிச்சை நல்ல நிவாரணம் தருகிறது. வலி நிவாரணிகளுக்கு அடிமையாகும் நிலை வரும்வரை அதைத் தள்ளிப்போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இந்நோயாளிகளுக்குக் கணையப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் பொதுமக்களைவிடக் கூடுதல். ஆகவே, அடங்கியிருந்த வலி தன்மை மாறித் திரும்பினாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, மஞ்சள் காமாலை தோன்றினாலோ, பழைய நோய்தானே என்று வீட்டில் காத்திருக்காமல் உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும்.