கிளைஸ்ட்ரன்: கரையில் உடையும் அலையின் பெயர்

வாடைக் காலத்தில் திருகோணமலையின் டச்பே கரையில் நின்று ஒரேயோர் அலையைக் கண்ணால் பிடித்துக்கொள்ளுங்கள். தூரத்தில் அது வெறும் மேடு. கரை நெருங்க நெருங்க ஆழம் குறைந்து அதன் முன்பக்கம் மெதுவாகும். பின்னால் வரும் தண்ணீர் வந்த வேகத்திலேயே ஏறும். திரண்டு, நிமிர்ந்து, மடிந்து உடையும். கிளைஸ்ட்ரன் என்ற சொல் பிறந்தது இந்தக் காட்சியில்தான்.

1937இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ரசல் வேரியன், சிகர்ட் வேரியன் என்ற சகோதரர்கள் நுண்ணலையை (microwave) பெருக்கும் ஒரு புது இலத்திரன் குழாயைச் செய்தார்கள். அதுதான் கிளைஸ்ட்ரன். பெயர் வைக்க அங்கிருந்த கிரேக்கப் பேராசிரியர் ஹெர்மன் பிராங்கலின் உதவி கிடைத்தது. அலை கரையில் மோதிக் கழுவுவதைக் குறிக்கும் கிரேக்க வினைச்சொல்லை அவர் எடுத்துக் கொடுத்தார். 'ட்ரன்' என்ற வால் இலத்திரன் குழாய்களின் பெயர்களில் அடிக்கடி வருவது.

பொருத்தமான பெயர். சூடான கதோட்டிலிருந்து புறப்படும் இலத்திரன் கற்றை முதலில் ஒரு பரிவுக் குழியை, அதாவது அலை அதிரும் உலோக அறையை, கடக்கிறது. நாம் கொடுக்கும் சிறிய அலை அங்கே சில இலத்திரன்களை ஆர்முடுக்கும் (வேகமாக்கும்), சிலவற்றை அமர்முடுக்கும் (மெதுவாக்கும்). அதற்கப்புறம் வெற்றுக் குழாய்தான். அங்கே யாரும் எதையும் தள்ளுவதில்லை. ஆனால் பின்னால் வந்த வேகமானவை முன்னால் போன மெதுவானவற்றைப் பிடித்துவிடும். கற்றை கொத்துக் கொத்தாகத் திரளும். அந்தத் திரள் அடுத்த குழியில் தன் சக்தியைக் கொட்டும்போது, உள்ளே போன அதே அலை பல மடங்கு பெரிதாகி வெளியே வரும்.

மில்லிமீற்றர் அலைக்கு வந்தால் சிக்கல். 3 கிகாஹேர்ட்ஸில் அலைநீளம் 10 சென்ரிமீற்றர். 94 கிகாஹேர்ட்ஸில் வெறும் 3.2 மில்லிமீற்றர். குழியும் அந்த அளவுக்குச் சுருங்கவேண்டும். அவ்வளவு சின்ன உலோகச் சுவர் பெரிய வலுவின் சூட்டைத் தாங்காது. இதற்குப் பிறந்ததுதான் கைரோகிளைஸ்ட்ரன். 'கைரோ' என்றால் கிரேக்கத்தில் வட்டம். பலமான காந்தப்புலத்தில் இலத்திரன்கள் சுழன்றுகொண்டே போகும். சக்தி கூடியது சார்புக் கொள்கைப்படி கனத்து மெதுவாகச் சுற்றும், குறைந்தது விரைவாகச் சுற்றும். ஆகவே வட்டத்தின் ஒரு பக்கத்தில் கூடும். நீளத்தில் நடந்த திரளல் இங்கே சுழற்சியில் நடக்கிறது. குழியும் அலைநீளத்தைவிடப் பெரிதாக இருக்கலாம். அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தின் வார்லொக் ராடாரில் இப்படியொரு குழாய் 94 கிகாஹேர்ட்ஸில் சராசரியாக 10 கிலோவாட் தந்தது. பெயரில் நெருங்கிய கைரோட்ரன் என்ற குழாய் வேறு: அது அலையைத் தானே பிறப்பிக்கும், இது கொடுத்ததைப் பெருக்கும்.

சரி, தமிழில்? 'நுண்ணலைப் பெருக்கி' என்றால் போதும் என்பார்கள். எனக்கு அதில் திருப்தியில்லை. நுண்ணலையைப் பெருக்கும் கருவிகள் எத்தனையோ உண்டு. இதன் தனித்தன்மை அந்தப் பெயரில் இல்லை. கோணமலைப் பதிகத்தில் சம்பந்தர் ஆளும் 'ஓதம்' என்ற சொல்லும் நினைவுக்கு வந்தது. அழகான சொல், எங்கள் கடலைப் பாடிய சொல். ஆனால் ஈரம், வீக்கநோய் என்ற பொருள்களும் அதற்கு உண்டு, மாணவர் குழம்புவார்கள்.

கிரேக்கச் சொல்லில் உயிராக இருப்பது அலை மட்டுமல்ல, அது திரண்டு உடைவது. ஆகவே 'திரள்' என்பதையே வேராகக் கொள்கிறேன். கிளைஸ்ட்ரன் 'திரள்கற்றை விரியலாக்கி'. கைரோகிளைஸ்ட்ரன் 'சுழல்திரள் விரியலாக்கி'. தமிழ்நாட்டு வாசகர்கள் விரியலாக்கி என்ற இடத்தில் பெருக்கி என்று போட்டுக்கொள்ளலாம். எங்கள் இலங்கை உயர்தரப் பாடநூல்களில் பழகியது விரியலாக்கி. திரள் மட்டும் இரண்டிலும் நிற்கட்டும். அதை எடுத்துவிட்டால் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதே பெயரிலிருந்து போய்விடும்.