கவுச்சி வாடையில் ஒளிந்திருக்கும் ஜோடி

பாம்பன், மண்டபம் பக்கம் ஐஸ் கம்பெனி வாசலைத் தாண்டும்போது சில நேரம் கண்ணைக் கரிக்கிற நெடி வரும். அது அம்மோனியா, ஐஸ் போடும் இயந்திரத்தில் குளிரூட்ட ஓடுவது. நடுவில் ஒரு நைட்ரஜன், அதோடு மூன்று ஹைட்ரஜன். மூன்றும் சம தூரத்தில் தட்டையாகப் பரந்து நிற்கலாமே? நிற்பதில்லை. மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்து, நைட்ரஜன் உச்சியில் ஏறி, மொத்தமும் ஒரு குட்டிப் பிரமிடு ஆகிவிடுகிறது.

பள்ளிப் பாடத்தில் இதற்கு 'இணைதிறன் கூடு எலக்ட்ரான் இரட்டை விலக்கல் கொள்கை' என்று மூச்சு முட்டும் பெயர். விஷயம் என்னவோ சின்னதுதான். அணுவின் வெளிக்கூட்டில் எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாக இருக்கும், ஒரு ஜோடிக்கு இன்னொன்றைக் கண்டால் ஆகாது, அதனால் எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகி நிற்கும். இரண்டு என்றால் எதிரெதிரே, 180 டிகிரி. மூன்று என்றால் 120. நான்கு என்றால் தாளில் வரைந்து பழகிய கைக்கு 90 என்றுதான் தோன்றும், ஆனால் மூலக்கூறு தாளில் இல்லையே, மேலும் கீழும் இடம் இருக்கிறது, அங்கும் பரவிக்கொண்டால் 109.5 கிடைக்கும். நடுவில் ஒரு கார்பன், சுற்றி நான்கு ஹைட்ரஜன் உள்ள மீத்தேன் அப்படித்தான் நான்முகியாக, அதாவது நான்கு முக்கோண முகங்கள் கொண்ட வடிவில் நிற்கிறது. 1940-இல் சிட்ஜ்விக், பவல் என்ற வேதியியலாளர்கள் சொன்ன யோசனை இது, 1957-இல் கில்லெஸ்பியும் நைஹோமும் அதைச் செம்மைப்படுத்தினார்கள்.

அம்மோனியாவிலும் நான்கு ஜோடிதான். மூன்றில் ஹைட்ரஜன் தொங்குகிறது, நான்காவதில் யாரும் இல்லை. ஆனால் ஆள் இல்லாத அந்தத் தனித்த ஜோடிதான் அதிக இடம் பிடிக்கிறது. கரையோரம் பாருங்கள், இரண்டு முனையும் கட்டிய நாட்டுப்படகு சிவனே என்று கிடக்கும், ஒற்றை நங்கூரத்தில் நிற்கும் படகோ காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் சுற்றிச் சுற்றி அகல இடம் கேட்கும். பிணைப்பு ஜோடியை இரண்டு அணுக்கருக்கள் பிடித்து இழுக்கின்றன, தனித்த ஜோடிக்குப் பிடிமானம் ஒன்றே ஒன்று, அதனால் அது நைட்ரஜன் பக்கத்திலேயே பருத்துக் கிடந்து மற்ற மூன்றையும் நெருக்குகிறது, கோணம் 107 ஆகக் குறைகிறது. தண்ணீரில் இப்படி இரண்டு தனித்த ஜோடிகள், கோணம் 104.5.

சரி, இரண்டரை டிகிரி குறைந்தால் யாருக்கு என்ன? கோணத்தை விடுங்கள், அந்த ஜோடியைப் பாருங்கள். கடல்மீனின் உடம்பில் உப்புநீரைத் தாக்குப்பிடிக்க டிரைமெத்திலமீன் ஆக்சைடு என்று ஒரு பொருள் இருக்கிறது. அதில் நைட்ரஜனின் நான்காவது ஜோடிமேல் ஓர் ஆக்சிஜன் உட்கார்ந்திருக்கும், நான்கு பக்கமும் அடைபட்ட நான்முகி, வாடை கிடையாது. மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் அந்த ஆக்சிஜனைப் பிடுங்கிவிடுகின்றன. மிச்சம் இருப்பது டிரைமெத்திலமீன், அம்மோனியா மாதிரியே பிரமிடு, உச்சியில் திறந்து கிடக்கும் தனித்த ஜோடி. இது எளிதில் ஆவியாகும், அதுதான் நாம் சொல்லும் கவுச்சி. குழம்பில் புளி கரைத்து ஊற்றும்போது புளியின் அமிலத்திலிருந்து ஒரு புரோட்டான் வந்து அதே ஜோடியில் ஒட்டிக்கொள்கிறது. இப்போது அது மின்சுமை ஏறிய அயனி, குழம்பை விட்டு மேலே கிளம்பாது, வாடையும் அடங்கிவிடும். மீனுக்குப் புளி வேண்டும் என்று நம் பாட்டிமாருக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை!

தண்ணீர் வளைந்திருப்பதும் அப்படிப்பட்ட விஷயம்தான். கார்பன் டை ஆக்சைடு மாதிரி நேர்கோடாக இருந்திருந்தால் ஆக்சிஜன் எலக்ட்ரான்களை இழுக்கும் இழுப்பு இரண்டு பக்கமும் சமமாகி ரத்தாகியிருக்கும், உப்பின் சோடியத்தையும் குளோரைடையும் பிரித்தெடுக்கும் வலு தண்ணீருக்கு இருந்திருக்காது. கடல் கரிக்காது, வாலிநோக்கத்தில் உப்பளத்துக்கும் வேலை இருந்திருக்காது.

ஆனால் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்குச் செல்லாது. ஹைட்ரஜன் சல்பைடைப் பாருங்கள், ஆக்சிஜன் இடத்தில் கந்தகம் உட்கார்ந்த தண்ணீரின் பங்காளி, அதே இரண்டு தனித்த ஜோடி, ஆனால் கோணம் 92. ஜோடிகளை எண்ணி இந்த எண்ணைப் பிடிக்க முடியாது. செம்பு, இரும்பு போன்ற உலோகங்களிடம் போனால் இன்னும் மோசம். நண்டின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது செம்பு, அதைச் சுற்றி அணுக்கள் எப்படி நிற்கும் என்று கேட்டால் ஜோடி எண்ணிப் பயனில்லை, இந்த உலோகங்களில் எலக்ட்ரான்கள் இருக்கும் டி ஆர்பிட்டால் என்ற இடங்களைப் பற்றிய வேறு கொள்கையைத்தான் எடுக்க வேண்டும்.