கீழே எடை கூடினால் கமரா ஏன் இன்னும் ஆடுகிறது?

வெள்ளவத்தையில் நண்பர்களோடு குறும்படம் எடுக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது: "நடக்கும்போது கமரா ஆடாமல் இருக்க பி.வி.சி. குழாயில் ஸ்டெபிலைசர் செய்தோம். மேலே கமரா, கீழே எடை, நடுவில் கைபிடி. நடந்தால் படம் இரண்டு பக்கமும் சரிந்து சரிந்து வருகிறது. கீழே இன்னும் ஒரு கிலோ போட்டால் சரியாகுமா?"

சரியாகாது, இன்னும் மோசமாகும். ஏன் என்று தெரிந்துகொண்டால் இந்தக் கருவியின் அடிப்படையே பிடிபட்டுவிடும். 2022 இல் டொலர் 200 ரூபாயளவிலிருந்து 360 வரை ஏறியபின் கமராச் சாமான் வாங்குவது பலருக்கும் பெரும் பாடாகிவிட்டது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கமராவோடு நடக்கும்போது இரண்டு வகை அசைவு உண்டு. ஒன்று கமரா முழுதாக இடம் பெயர்வது, மற்றது இருந்த இடத்திலேயே திரும்புவது. படத்தைக் கூடுதலாகக் கெடுப்பது இரண்டாவதுதான். படத்தின் அகலம் 1920 பிக்சல், லென்ஸின் பார்வைக்கோணம் 50 பாகை என்று வைப்போம். கமரா 1 பாகை திரும்பினால் படம் ஏறக்குறைய 38 பிக்சல் நகரும். எதிரே நிற்பவர் 3 மீற்றரில் நின்றாலும் 300 மீற்றரில் நின்றாலும் அதே 38தான். கமரா திரும்பாமல் பக்கவாட்டில் 1 சென்ரிமீற்றர் போனால், 3 மீற்றரில் நிற்பவர் 7 பிக்சல் மட்டுமே நகர்வார். தூரத்துக் கட்டடம் அசைந்ததே தெரியாது. ஆகவே முதலில் அடக்க வேண்டியது திரும்பலை.

திரும்பலுக்கு ஒரு பொருள் காட்டும் எதிர்ப்பே சடத்துவத் திருப்பம். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்குத் தெரிந்ததுதான்: திணிவை, அச்சிலிருந்து அதன் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். எடை இரு மடங்கானால் எதிர்ப்பும் இரு மடங்கு, தூரம் இரு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. கயிற்றில் நடக்கும் கழைக்கூத்தாடி கையில் நீண்ட கழியைப் பிடிப்பதும் இதற்காகத்தான். கழி நீளமாக இருப்பதே அவருக்கு முக்கியம், பாரமாக இருப்பதல்ல.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். லென்ஸோடு 700 கிராம் வரும் கமரா, அதன் புவியீர்ப்பு மையம் கிம்பலுக்கு, அதாவது குழாயை எந்தப் பக்கமும் சரிய விட்டுக் கைபிடியோடு சேர்க்கும் மூட்டுக்கு, 10 சென்ரிமீற்றர் மேலே. கீழே 35 சென்ரிமீற்றரில் 200 கிராம் வைத்தால் இரண்டு பக்கமும் சமன். குழாயின் எடையை இப்போதைக்கு விடுவோம். சடத்துவத் திருப்பம் 0.0315 அலகு, அதாவது கமரா தனியே கையில் இருக்கும்போது உள்ளதைவிட 20 மடங்குக்கும் மேல். இதே கருவியைக் கட்டையாக்கி எடையை 17.5 சென்ரிமீற்றரில் வைத்தால் சமன்செய்ய 400 கிராம் தேவை. மொத்தம் 1.1 கிலோ, ஆனால் சடத்துவத் திருப்பம் 0.019 தான். 900 கிராம் கருவி 1.1 கிலோக் கருவியைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் உறுதியாக நிற்கிறது! எங்கள் பிள்ளைகள் ரியூசன் வகுப்பில் இந்தச் சமன்பாட்டை வைத்து எத்தனையோ கணக்குப் போடுகிறார்கள். ஒரு குழாயின் நுனியில் எடையைக் கட்டி, கையால் திருப்பிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தவர்கள் குறைவு. பாடசாலை ஆய்வுகூடங்களுக்குக் கிடைக்கும் பணத்தில் ஒரு பங்கு இப்படித் தொட்டுப் பார்க்கும் கருவிகளுக்குப் போகவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி வாசகரின் ஆட்டத்துக்கு வருவோம். கருவியின் மொத்தப் புவியீர்ப்பு மையம் கிம்பலுக்கு மேலே இருந்தால் கமரா குப்புற விழும். சரியாகக் கிம்பலிலேயே இருந்தால் எந்தப் பக்கம் சரித்தாலும் அப்படியே நிற்கும். நிமிர்ந்து நிற்க, மையம் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். அந்தக் "கொஞ்சம்" ஏறக்குறைய 3 மில்லிமீற்றர்தான். அதற்கு மேல் போனால் கருவி ஊசலாகிவிடும்.

ஊசலுக்கு அலைவு காலம் உண்டு. மேலே சொன்ன 900 கிராம் கருவியைக் குழாயோடு சேர்த்து 1 கிலோ என்று எடுத்தால், மையம் 3 மில்லிமீற்றர் கீழே இருக்கையில் அலைவு காலம் ஆறரை செக்கனுக்குச் சற்று மேல். மனிதர் நடக்கும்போது ஒரு காலடிக்கு அரைச் செக்கன் அளவு செல்லும், உடம்பின் இட–வல ஆட்டம் ஒன்று முடிய ஏறக்குறைய 1 செக்கன். ஆறரை செக்கன் ஊசலுக்கு அந்த 1 செக்கன் ஆட்டம் உறைக்காது. கீழே இன்னும் ஒரு கிலோ போட்டால் மையம் 17 சென்ரிமீற்றருக்கும் கீழே இறங்கும், அலைவு காலம் 1.3 செக்கனாகச் சுருங்கும். நடையின் ஆட்டத்துக்கு மிகக் கிட்டே வந்துவிட்டது. பரிவு என்று பாடத்தில் படித்தது இதுவே: ஒவ்வொரு அடியும் முந்தைய ஆட்டத்தை இன்னும் தள்ளிக் கொடுக்கும்.

1970களில், இதே தத்துவத்தில் கமராவை ஆடாமல் தாங்கும் ஸ்டெடிகாம் கருவியை உருவாக்கிய அமெரிக்கக் கமராக் கலைஞர் காரெட் பிரவுனுக்கு அதற்காக 1978 இல் ஒஸ்கார் கிடைத்தது. ஸ்டெடிகாம் பிடிப்பவர்கள் இன்றும் செய்யும் சோதனை மிக எளிது. கைபிடியைப் பிடித்தபடி குழாயைக் கிடையாகச் சரித்து, குழாயிலிருந்து கையை எடுங்கள். அது நிமிர்ந்து செங்குத்து நிலையைக் கடக்க எத்தனை செக்கன்? இரண்டிலிருந்து மூன்று வரை வரவேண்டும். எங்கள் கணக்கில் 3 மில்லிமீற்றருக்கு 2 செக்கன், 3 சென்ரிமீற்றருக்கு 0.6 செக்கன். ஸ்கேலால் அளக்க முடியாத மில்லிமீற்றரை ஒரு கைத்தொலைபேசியின் நிறுத்தற் கடிகாரம் அளந்துவிடுகிறது. இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அந்த 3 மில்லிமீற்றரை எப்படிப் பிடிப்பது? கீழே 10 கிராம் வொஷர் ஒன்று போட்டால்கூட மையம் 3.5 மில்லிமீற்றர் நகர்ந்துவிடும். எனவே எடையைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம். குழாயின் அடியில் 8 மில்லிமீற்றர் திரெட் ரொட் (முழு நீளத்துக்கும் மரை வெட்டிய கம்பி) ஒன்றைப் பொருத்தி, எடைகளை இரண்டு நட்டுகளுக்கு இடையில் இறுக்குங்கள். நட்டு ஒரு சுற்றுக்கு 1.25 மில்லிமீற்றர் ஏறும். 200 கிராம் அவ்வளவு நகர்ந்தால் மொத்த மையம் கால் மில்லிமீற்றர் நகரும். இவ்வளவு நுணுக்கம் போதும்.

குழாய்க்கு பி.வி.சி. வேண்டாம். அது வளையும், ஒவ்வோர் அடிக்கும் சிறு நடுக்கம் வரும். அலுமினியக் கதவு, யன்னல் செய்யும் இடங்களில் 20 மில்லிமீற்றர் குழாய் வெட்டுத்துண்டாகக் கிடைக்கும். அரை மீற்றர் போதும். போல்ட், நட்டு, திரெட் ரொட்டுக்குக் கொழும்பின் பழைய சோனகத் தெரு, பெயாரிங்குக்குப் பஞ்சிகாவத்தை. 6804 இலக்கப் பெயாரிங்கின் உள்விட்டம் 20 மில்லிமீற்றர், குழாயில் நேரே ஏறும். முக்கால் அங்குலக் குழாய் என்றால் 1 மில்லிமீற்றர் அளவு தளர்வாக இருக்கும். டேப் சுற்றினால் நசிந்து ஆடும். குளிர்பானக் கானில் வெட்டிய பட்டியை நாலைந்து சுற்றுச் சுற்றி ஏற்றுங்கள்.

கிம்பல் இப்படி அமையும். குழாயில் ஏறிய 6804 கமராவை இடவலமாகத் திருப்ப விடும். அதன் வெளிவளையத்தை இறுக்கிப் பிடிக்கும் கொலரின் இரண்டு எதிர்ப் பக்கங்களிலும் 5 மில்லிமீற்றர் போல்ட் ஒவ்வொன்று. அவற்றை ஒரு கவை (இரண்டு கிளையுள்ள பிடி) தாங்கும், கவையின் முதுகு 608 பெயாரிங் ஒன்றால் கைபிடியோடு சேரும். மூன்று அச்சுகளும் ஒரே புள்ளியில் வெட்ட வேண்டும். போல்ட்டுகள் கவையின் அச்சைவிட 5 மில்லிமீற்றர் உயரத்தில் இருந்தால், ஒரு திசைக்கு 3 மில்லிமீற்றர் என்று சரிசெய்த கருவி மற்றத் திசைக்கு 8 மில்லிமீற்றராகவோ தலைகீழாகவோ நிற்கும். எவ்வளவு எடை மாற்றினாலும் தீராது. துளைபோடும் வேலையை மட்டும் லேத் பட்டறையில் கொடுப்பது நல்லது. இறப்பர் மூடி வைத்த பெயாரிங் வாங்க வேண்டாம், இரும்பு மூடி போதும். உள்ளே இருக்கும் தடித்த கிறீஸை மண்ணெண்ணெயில் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விடுங்கள். கடற்காற்றில் கழுவிய பெயாரிங் விரைவில் துருப்பிடிக்கும், எண்ணெயை மறக்கக் கூடாது.

கமராவைத் தட்டில் பிடிக்கும் போல்ட் கால் அங்குலம். 6 மில்லிமீற்றர் போல்ட் ஒன்றிரண்டு சுற்று ஏறுவதுபோல் ஏறி, கமராவின் மரையைத் தின்றுவிடும். தட்டுக்கு மேலே 4.5 மில்லிமீற்றருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கவும் கூடாது.

எடைகளை அடியில் ஒரே குவியலாக வைத்தால் இடவலத் திரும்பலுக்கு எதிர்ப்பே இராது, எல்லாம் அச்சிலேயே இருக்கிறது. நட்டுகளுக்கு இடையில் 30 சென்ரிமீற்றர் பட்டை ஒன்றைக் குறுக்காக இறுக்கி, அதன் இரு நுனியிலும் 100 கிராம் வீதம் வையுங்கள்.

சமன்செய்யும்போது பற்றரியும் மெமரிக் காட்டும் உள்ளே இருக்க வேண்டும், தோள்வாரும் லென்ஸ் மூடியும் கழன்றிருக்க வேண்டும். 15 கிராம் மூடி அச்சுக்கு 8 சென்ரிமீற்றர் முன்னே இருந்தால் மையம் 1.2 மில்லிமீற்றர் முன்னே போகும். 3 மில்லிமீற்றரில் நிற்கும் கருவிக்கு அது 20 பாகைக்கு மேல் சரிவு. லென்ஸ் நீளும் சூம் இதைவிட மோசம். ஒரே குவியத் தூரத்தில் வைத்து எடுங்கள்.

மேலும் கீழும் துள்ளும் அசைவைக் கிம்பல் எடுக்காது, அதற்கு முழங்காலைச் சற்று மடித்து நடக்க வேண்டும். அகன்ற லென்ஸும் உதவும். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் குழல் விளக்கின் கீழ் 25 பிரேமும் 1/50 ஷட்டரும் வைத்தால் மினுக்கம் வராது.

காலிமுகத்திடலில் எடுப்பதென்றால் காற்றையும் பாருங்கள். 3 மில்லிமீற்றரில் சமன்செய்த கருவியை முழுதாகப் படுக்கவைக்க, கமரா மட்டத்தில் 30 கிராம் எடைக்குச் சமமான தள்ளல் போதும். தென்மேல் பருவக்காற்று அதைவிடப் பலமாகத் தள்ளும். அங்கே எடையை ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் இறக்கி, நிமிரும் நேரத்தை ஒரு செக்கன் அளவுக்குக் கொண்டுவாருங்கள், மற்றக் கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் கிம்பலுக்குக் கீழே குழாயை மெல்லத் தொட்டபடி இருக்கட்டும். கொஞ்சம் ஆட்டம் கூடும். ஆனாலும் அடிவானம் நேராக நிற்கும்.