இருட்டு மேடையில அம்ப் எழுத்து எங்க போகுது?

போன சீசன் உப்புவெளியில கடற்கரையோட இருக்கிற ஒரு ஹோட்டல்ல வாசிக்கப் போனம், மேடை முழுக்க நீல லைட். ரெண்டாவது பாட்டு முடியக்குள்ள ட்ரம்ஸ் அண்ணா "தம்பி, கிட்டார் கேக்கேல்ல, கொஞ்சம் கூட்டு" எண்டு கத்துறார், நான் திரும்பி கிட்டார் சத்தத்தக் கூட்டிக் குடுக்கிற பெட்டியான அம்ப்பப் பாக்கிறன், கறுப்பு பேனல்ல ஒரு எழுத்தும் இல்ல. பின்னேரம் சவுண்ட்செக்ல பளிச்செண்டு இருந்த சிவப்பு எழுத்து அவ்வளவும் அழிச்சு விட்ட மாதிரி. ஒரு மதிப்பில ஒண்டத் திருப்பினன், அது வொலியூம் இல்ல, எதிரொலி மாதிரிச் சத்தம் சேர்க்கிற ரிவேர்ப். உடன ஃபோன் டோர்ச்சப் போட்டு வொலியூமப் பிடிச்சிட்டன், ஆனா டோர்ச்ச நூத்திட்டுக் குனிஞ்சா கிட்டார் கழுத்தில விரல் வைக்கிற இடத்தக் காட்டுற புள்ளியள் தெரியேல்ல, அடுத்த பாட்டுப் பாதி வரைக்கும் தடவித்தான் வாசிச்சன்.

அதில நடந்தது ரெண்டு வேற வேற விசயம். எழுத்து மறைஞ்சது லைட்டால, புள்ளி மறைஞ்சது கண்ணால.

முதல் லைட்டப் பாப்பம். சிவப்பு மை சிவப்பாத் தெரியிறதுக்குக் காரணம் அது அலைநீளம் சுமார் 600 நானோமீற்றருக்கு மேல இருக்கிற ஒளிய மட்டும் திருப்பி அனுப்பிட்டு மிச்சத்த உறிஞ்சிடும். மேடையில இருக்கிற நீல எல்ஈடி குடுக்கிறது 460 நானோமீற்றருக்குக் கிட்ட ஒரு ஒடுங்கின துண்டு. அதில சிவப்பே இல்ல, பிறகு மை எதத் திருப்பி அனுப்பும்? கறுப்பு பேனல் மாதிரியே அதுவும் கறுப்பாயிடும். பழைய குண்டு பல்ப்புக்கு முன்னால கலர்த் தாள் போட்ட காலத்தில எல்லா நிறமும் கொஞ்சம் கொஞ்சம் கசியும், அதால இந்தளவு மோசம் இல்ல, எல்ஈடி வந்த பிறகுதான் நிறம் சுத்தமா வெட்டுப்படுது. இதில கனபேர் விடுற பிழை ஒண்டு இருக்கு, மஞ்சள் நல்லாத் தெரியும் எண்டு மஞ்சள் டேப் ஒட்டுறது. பகல்ல நல்லாத்தான் தெரியும், ஆனா மஞ்சள் நீலத்த உறிஞ்சிற நிறம், நீல மேடையில அது மங்கிப் போயிடும். வெள்ளை ஒண்டுதான் எந்த லைட் வந்தாலும் அதத் திருப்பி அனுப்பும். கறுப்பில வெள்ளை, அதுவும் மினுங்காத வெள்ளை, மினுங்கிற டேப்பும் குரோம் பேனலும் பக்கத்து லைட்டக் கண்ணாடி மாதிரி முகத்தில அடிக்கும்.

இப்ப கண். விழித்திரையில கூம்பு, கோல் எண்டு ரெண்டு வகைக் கலம் இருக்கு எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சிருப்பீங்க. கூம்பு வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும், கோல் இருட்டுக்கு. கூம்புகள் சேந்து கூடுதலா உணருறது 555 நானோமீற்றர் பச்சை மஞ்சள் பக்கம், கோலுக்கு அது 507க்குக் கிட்ட, நீலப்பச்சை. சிவப்புக்குக் கோல் கிட்டத்தட்டக் குருடு. வீட்டில செவ்வரத்தை நிண்டா மைம்மல் நேரம் போய்ப் பாருங்க, இலை இன்னும் தெரியும், பூ முதலே கறுத்திடும். இதத்தான் புர்கின்ஜே எண்ட விஞ்ஞானி 1825இல எழுதி வச்சார், இப்பவும் அவர் பேராலதான் சொல்லுறாங்க. மேடை முழு இருட்டும் இல்ல முழு வெளிச்சமும் இல்ல, ரெண்டு வகைக் கலமும் அரை அரையா வேலை செய்யிற இடம், அங்க சிவப்பு எழுத்துக்கு லைட்டாலயும் அடி, கண்ணாலயும் அடி.

கோலுக்குள்ள ரொடொப்சின் எண்டு ஒரு நிறமி இருக்கு, பலத்த வெளிச்சம் பட்டா அது வெளிறிப் போயிடும், முழுசாத் திரும்பி வர 20, 30 நிமிசம் ஆகும், கூம்புக்கே சில நிமிசம் வேணும். நான் டோர்ச் போட்டது ரெண்டு செக்கன்தான், ஆனா வெள்ளைப் பேப்பர் மாதிரி வெளிச்சம் கண்ணுக்கு நேர. ராவில கடலுக்குப் போற ஆக்கள் டோர்ச்ச முகத்துக்கு அடிச்சா ஏசுறது சும்மா இல்ல. கப்பல்கள்ல ராவில உள்ள சிவப்பு லைட் போடுறதும் கோலக் கெடுக்கக்கூடாது எண்டுதான். அதால "அம்ப்புக்கு மேல நல்ல பிரைட்டா ஒரு லைட் போட்டா சரிதானே" எண்டு யாரும் சொன்னா எனக்கு ஒத்துவராது, வெளிச்சத்தக் கூட்டக் கூட மற்ற எல்லாம் இருட்டாகும். கூட்ட வேண்டியது பேனலுக்கும் குறிக்கும் இடையில இருக்கிற வித்தியாசத்த.

எழுத்த விடுங்க. நல்ல கண் நல்ல வெளிச்சத்தில ஒரு எழுத்த வாசிக்க அது 5 ஆக்மினிட் (ஒரு ஆக்மினிட் எண்டா ஒரு பாகையில அறுவதில ஒரு பங்கு) கோணம் இருக்கோணும், அதாவது நிண்டுகொண்டு நிலத்தில இருக்கிற அம்ப்ப ஒண்டரை மீற்றரில இருந்து பாத்தா 2 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேல. மங்கல்ல அது ரெண்டு மூண்டு மடங்கு வேணும், பேனல்ல அவ்வளவு இடம் எங்க? நாப்பது தாண்டின ஆக்களுக்கு இன்னும் கஷ்டம், கண் வில்லை இறுகியிருக்கும், இருட்டில கண்மணி விரியிறதால கிட்டத்தில இருக்கிறது கூட மங்கும். ஆனா ஒரு கோடு எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு எண்டு கண்டுபிடிக்கிறதில கண் கெட்டி, எழுத்து வாசிக்கேலாத இடத்திலயும் கோடு தெரியும். அதால இலக்கத்த வாசிக்காதீங்க, மணிக்கூடு பாக்கிற மாதிரிப் பாருங்க. நொப்புக்கு, அதாவது திருப்பிற குமிழுக்கு, உள்ள இருக்கிற சாதாரண பொட்டென்ஷியோமீட்டர் சுமார் 300 பாகை சுத்தும், 7 மணியில தொடங்கி 5 மணியில முடியும், 0 தொடக்கம் 10 வரை பிரிச்சா ஒரு இலக்கத்துக்கு 30 பாகை, சரியா ஒரு மணித்தியாலம். 5 எண்டா 12 மணி, 3 எண்டா 10 மணி. எனக்கு இது விளங்கின நாள்ல இருந்து பேனல் எழுத்தப் பாக்கிறதே இல்ல.

அதுக்கு நொப்பில ஒரு தடிப்பான வெள்ளைக் கோடு வேணும், வெள்ளை பெயின்ற் பேனா காணும். இன்னும் நல்லது கோழித்தலை நொப், ஒரு பக்கம் அலகு மாதிரி நீட்டிக்கொண்டு இருக்கும், 1950கள்ல ஃபெண்டர் அம்ப்புகள்ல இதுதான் வரும். அலகு எந்தப் பக்கம் எண்டு விரலுக்கே தெரியும், கண்ணே தேவையில்ல. வாங்க முதல் நொப் பூட்டுற தண்ட அளந்து பாருங்க, 6 மில்லிமீற்றரும் கால் அங்குலமும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஒண்டுக்கு மற்றது சரியாப் பொருந்தாது. எல்லா நொப்பும் ஒரே மாதிரி எண்டா வொலியூமுக்கு மட்டும் ஒரு துளி பசை விட்டுக் காயவிடுங்க, அந்தப் புடைப்பக் கை தேடிப் பிடிக்கும்.

இருட்டில ஒளிருற டேப்பும் இருக்கு. பழைய வகை நாகசல்பைட்டு, கொஞ்ச நேரத்தில செத்திடும். 1993இல ஜப்பானில நெமோட்டோ கொம்பனி கொண்டுவந்த ஸ்ட்ரோன்ஷியம் அலுமினேற் மணிக்கணக்கா நிக்கும், அது விடுற பச்சை 520 நானோமீற்றர் பக்கம், கோலுக்குப் பிடிச்ச இடத்துக்குக் கிட்ட. நம்மட ஊர்ப் பின்னேர வெயிலில சவுண்ட்செக் செய்யக்குள்ளயே நிரம்பிடும். ஆனா முதல் கொஞ்ச நிமிசத்திலயே வேகமா மங்கத் தொடங்கும், சிவப்பு லைட்டுக்குக் கீழ திரும்ப நிரம்பவும் மாட்டாது, அதால இதத் துணைக்குத்தான் வைக்கலாம்.

எல்ஈடி பூட்டத்தான் வேணும் எண்டா 9 வோல்ட் பற்றரி, ஒரு எல்ஈடி, 3.3 கிலோஓம் ரெசிஸ்டர், சிவப்பு எண்டா 2 மில்லிஅம்பியர்தான் ஓடும், அது காணும். பல்ப் கண்ணுக்குத் தெரியாம மேல் விளிம்புக்குக் கீழ ஒளிச்சு வையுங்க, சிவப்பு எல்ஈடி எண்டா பேனல்ல வெள்ளைக் குறி இருக்கோணும். டிம்மர் வச்ச எல்ஈடி பட்டி வேணாம், அது லைட்டக் குறைக்கிறது வேகமாப் போட்டு நூத்து, அந்தத் துடிப்பு கிட்டார் பிக்கப்புக்குள்ள (கம்பியின்ர அதிர்வ மின்னா மாத்திற பகுதி) இரைச்சலா ஏறும். வயருக்காக அம்ப்பத் திறக்காதீங்க, முக்கியமா கண்ணாடிக் குழாய் வச்ச வால்வு அம்ப், உள்ள 400 வோல்ட்டுக்கு மேலயும் இருக்கும், பிளக்கக் கழட்டின பிறகும் மின்ன சேமிக்கிற கப்பாசிட்டரில தங்கி நிக்கும், அது ஆளக் கொல்லும்.

எல்லாம் ஒட்டி முடிச்சா மேடைக்குப் போக முதல் வீட்டில பாக்கலாம். ராவில அறை லைட்ட நூத்து, ஃபோன் டோர்ச்சுக்கு மேல நீலக் கலர்த் தாள் ரெண்டு மூண்டு மடிப்பாச் சுத்தி மேல இருந்து பிடிச்சு, நிண்டபடி பாருங்க, பிறகு சிவப்பு, பிறகு பச்சை. மூண்டில ஒண்டில மறையிற குறி எதுவோ அத உரிச்சிட்டு வெள்ளை ஒட்டுங்க, ஒட்ட முதல் ஸ்பிரிட் போட்டுத் துடையுங்க, கடல் உப்பு படிஞ்ச பேனல்ல டேப் ஒரு கிழமைக்கு மேல நிக்காது.