குடா என்ற சொல்லும் பாக் விரிகுடாவும்

'பே' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நாம் 'விரிகுடா' என்றும், 'கல்ஃப்' என்பதற்கு 'வளைகுடா' என்றும் எழுதுகிறோம். இரண்டிற்கும் அடி 'குடா'. வளைவு, உட்குழிவு என்பது இதன் பொருள். குடம், குடை, குடவு என்பனவும் இதே குடும்பத்துச் சொற்கள். திருமுருகாற்றுப்படையில் பழமுதிர்சோலை அருவியின் ஓசைக்கு அஞ்சிப் பாறைப் பிளவில் ஒடுங்கும் கரடியை நக்கீரர் 'குடாவடி உளியம்' என்கிறார். உள்நோக்கி வளைந்த அடிகளையுடைய கரடி என்பது கருத்து. அந்தக் காலடியின் வளைவைக் கடற்கரையில் வைத்துப் பாருங்கள்: நிலம் உள்வாங்க, கடல் அதற்குள் புகுந்து நிற்கும். யாழ்ப்பாணத்தைக் 'குடாநாடு' என்று வழங்கும் ஈழத்தமிழிலும் இச்சொல் உயிரோடு இருக்கிறது.

'வளை' என்ற அடைமொழி குடாவின் பொருளையே மீண்டும் சொல்கிறது என்பது உண்மைதான். ஆயினும் மன்னார் வளைகுடா என்ற வழக்கு நிலைத்துவிட்டது. அதை மாற்றத் தேவையில்லை. திருத்த வேண்டியது வேறொன்று. பாக் விரிகுடாவைச் செய்திகளில் 'பாக் நீரிணை' என்று எழுதிவிடுகிறார்கள். நீரிணை என்பது இரு கடற்பகுதிகளை இணைக்கும் குறுகிய வழி. கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே, வங்கக் கடலுக்குத் திறக்கும் வாயிலுக்கே அப்பெயர் பொருந்தும். அதன் தென்மேற்கே இராமேசுவரம் வரை பரந்து கிடக்கும் ஆழமற்ற கடலே விரிகுடா. பாம்பன் பாலத்தில் நின்றால் வடக்கே அது, தெற்கே மன்னார் வளைகுடா. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கே அலை புரள, வடக்கே நீர் பெரும்பாலும் அடங்கியே கிடக்கும்.

இந்தப் பெயர்த் தெளிவு வெறும் இலக்கணப் பிடிவாதமன்று. தமிழ்நாடு அரசு 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளையொட்டி 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது, இந்த விரிகுடாவிலேதான். மன்னார் வளைகுடாவின் கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. அது தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்த வேறொரு கடல். கடற்பசு, மீனவர் சொல்லில் ஆவுளியா, நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ வரை கடற்புல் மேயும். வெயில் அடிவரை இறங்கும் ஆழமற்ற நீரில்தான் அப்புல் செழிக்கும். அத்தகைய நீரைத் தன் மடியில் தேக்கி வைத்திருப்பது இந்தக் குடா.