‘நாக்கு எடை’ அன்று, முன்பாரம்

பிக்கப் வண்டியின் பின்னால் கனமான டிரெய்லரை மாட்டி இழுப்பதைப் பற்றித் தமிழில் வரும் காணொளிகளும் மொழிபெயர்ப்புக் கையேடுகளும் ‘டங் வெயிட்’ என்னும் ஆங்கிலத் தொடரை ‘நாக்கு எடை’ என்று சொல்வதை வழக்கமாக்கிவிட்டன. ‘நாக்கு எடை பத்து விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது’ என்று ஒரு குரல் படித்துச் செல்கிறது. கேட்பவர் கோத்தகிரியில் கேரட் மூட்டை ஏற்றி மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் ஓட்டுநராக இருந்தால், எதை எங்கே வைத்து எடை போடுவது என்று அவருக்கு ஒன்றும் விளங்காது. மலைச்சாலையில் உயிரைக் காக்கும் ஓர் அளவுக்கு இப்படிப்பட்ட பெயரைச் சூட்டுவதைச் சோம்பல் என்றுதான் சொல்ல வேண்டும்.

பொருள் எளிது. டிரெய்லரின் முன்முனை, இழுக்கும் வண்டியின் பின்புறக் கொக்கியின்மேல் கீழ்நோக்கி அழுத்துகிற சுமையே இது. சுமையோடு சேர்ந்த டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இருப்பது பொது விதி. 2,000 கிலோ டிரெய்லர் என்றால் 200 முதல் 300 கிலோ. இது குறைந்தால், வேகம் கூடும்போது டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கி, இழுக்கும் வண்டியையே திருப்பிப்போடக்கூடும். மிகுந்தால் பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரங்கள் தரையைப் பிடிக்கும் வலு குறைந்து, ஸ்டீயரிங்கும் பிரேக்கும் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டா. அந்த 200 கிலோவும் பிக்கப் சுமக்கக்கூடிய அளவுக்குள்ளேயே அடங்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இனிச் சொல்லின் பிறப்பு. இரண்டு விலங்குகளுக்கு நடுவே நீண்டு செல்லும் வண்டியின் ஒற்றை மரத்துக்கு ஆங்கிலத்தில் ‘டங்’ என்று பெயர். மோட்டார் வண்டிக்குப் பின்னால் டிரெய்லர் வந்தபோது, அதன் முன்புற இரும்புச் சட்டம் அந்தப் பெயரைப் பெற்றுக்கொண்டது. ஆகவே அங்கே ‘டங்’ என்பது வாயில் இருக்கும் உறுப்பைக் குறிக்கவில்லை. மாட்டுவண்டியின் உறுப்பைக் குறிக்கிறது. அதே உறுப்புக்குத் தமிழில் ‘ஏர்க்கால்’ என்று பெயர் இருக்கிறது. கலப்பைக்கும் வண்டிக்கும் பொதுவான சொல் அது. மொழிபெயர்த்தவர் அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து எழுதிவிட்டு, வண்டிமாட்டுக்காரர் வீட்டுத் திண்ணையில் கிடந்த சொல்லைத் தாண்டிப் போயிருக்கிறார். மணியின் உள்ளே தொங்குவதையும் நாக்கு என்கிறோமே என்று சிலர் வாதிடுகிறார்கள். உண்மைதான், ஆனால் மணியின் நாக்கு வாய்க்குள் அசைவது, பார்த்ததும் உவமை புரிகிறது. டிரெய்லரின் சட்டத்தில் வாயும் இல்லை, அசைவும் இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இதே அளவைப் பிரிட்டனில் ‘நோஸ் வெயிட்’ என்கிறார்கள். உறுப்பை உறுப்பாகவே பெயர்ப்பதுதான் முறை என்றால், அமெரிக்கக் கையேட்டைப் படித்தவருக்கு நாக்கும் பிரிட்டிஷ் கையேட்டைப் படித்தவருக்கு மூக்குமாக, ஒரே அளவுக்குத் தமிழில் இரண்டு பெயர்கள் வந்து நிற்கும்.

‘எடை’ என்னும் பாதியும் தவறுதான். எடை, தராசில் எடுத்துப் பார்த்து அறிவது. பொருளைக் கூட்டிக் குறைத்தாலன்றி மாறாது. இங்கே சொல்லப்படுவதோ, டிரெய்லருக்குள் நான்கு மூட்டைகளை அச்சுக்குப் பின்னாலிருந்து முன்னால் மாற்றி அடுக்கினாலே மாறிவிடுவது. எடைமேடையில் பிக்கப்பைத் தனியாக ஒருமுறை நிறுத்துங்கள். பிறகு டிரெய்லரை மாட்டி, அதன் சக்கரங்கள் மேடைக்கு வெளியே இருக்கும்படி பிக்கப்பை மட்டும் மேடைமேல் நிறுத்துங்கள். இரண்டு அளவுக்கும் உள்ள வேறுபாடுதான் நாம் தேடுவது. மூட்டையை மாற்றி அடுக்கி மீண்டும் நிறுத்தினால் அது வேறாக வரும், மொத்த எடையோ அப்படியே இருக்கும்.

இதற்கு மாட்டுவண்டிக்காரர் வைத்த பெயர் ‘முன்பாரம்’. வண்டியில் முன்பக்கம் சுமை கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பக்கம் கூடினால் ஏர்க்கால் மேலே தூக்கிக்கொண்டு பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். முன்னது முன்பாரம், பின்னது பின்பாரம். கொக்கிக்கும் டிரெய்லருக்கும் இடையே நடப்பது இதுவே. மாட்டின் இடத்தில் பிக்கப் நிற்கிறது, அவ்வளவுதான். இந்தச் சொல்லின் பெரிய சிறப்பு அது இணையோடு வருவது. டிரெய்லரின் முனை கொக்கியை மேலே தூக்கும் நிலையை நாக்கு எடைக்காரர்கள் ‘எதிர்மறை நாக்கு எடை’ என்று எழுத வேண்டியிருக்கிறது. பின்பாரம் என்றால் முடிந்தது.

மலையில் இந்த இணை இன்னும் அவசியம். சமதளத்தில் சரியாக ஏற்றிய டிரெய்லர், கல்லாற்றிலிருந்து குன்னூருக்கு ஏறும்போது அப்படியே இருப்பதில்லை. சுமையின் நடுப்புள்ளி கொக்கியைவிட உயரத்தில் இருந்தால், ஏற்றத்தில் பாரம் பின்னுக்குச் சரிந்து முன்பாரம் குறையும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது முன்னுக்கு வந்து அழுத்தும். உயரமாக அடுக்கிய கோஸ் மூட்டைகளைவிடத் தாழ்வாக அடுக்கியவை மலைக்கு நல்லவை என்பதன் காரணம் இதுதான். மேடு பள்ளம் அறிந்து வண்டி கட்டியவர்கள் நம் மொழியில் புதியவர்கள் அல்லர். பள்ளத்தில் இறங்கியும் மேட்டில் ஏறியும் செல்லும் உப்பு வணிகர் வண்டியின் நுகமும், முறிந்தால் மாற்றுவதற்காகக் கட்டிவைத்த சேம அச்சும் புறநானூற்றின் 102ஆம் பாடலிலேயே இருக்கின்றன.

‘பாரம்’ வடசொல், ஆகவே ‘முன்பொறை’ என்றோ ‘முன்சுமை’ என்றோ எழுதலாம் என்பது தனித்தமிழ் அன்பர்களின் கருத்து. முன்சுமையில் எனக்குக் குறை இல்லை. முன்பொறையைச் சொன்னால், சுமை ஏற்றுகிறவர் நிமிர்ந்து நம் முகத்தைப் பார்ப்பார். ‘இணைப்புமுனைச் செங்குத்துச் சுமை’ என்றும் ஒரு கலைச்சொல்லைக் கண்டேன். பிழையில்லாத ஆக்கம், ஆனால் கொண்டை ஊசி வளைவில் நின்றுகொண்டு ஒருவருக்கு எச்சரிக்கையாகக் கூவ முடியாது.

சொல்லைப் பெயர்ப்பவர்கள் பொருளைப் பார்க்காததன் விளைவு இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. டிரெய்லர் என்பது சினிமாக்காரரின் ‘முன்னோட்டம்’ ஆகி, ‘கனமான முன்னோட்டத்தை இழுக்கும் முறை’ என்று தலைப்பு வருகிறது. கொக்கியைக் குறிக்கும் ‘ஹிட்ச்’ தடங்கலாகிவிடுகிறது. இவை சிரித்துவிட்டு விடக்கூடியவை. ‘ஃபிஃப்த் வீல்’ என்பதை ‘ஐந்தாம் சக்கரம்’ என்று எழுதுவதை அப்படி விட முடியாது. பிக்கப்பின் சரக்குத் தட்டுக்குள், பின் அச்சுக்கு மேலே பொருத்தும் இணைப்பு அது. அந்த வகை டிரெய்லருக்கு முன்பாரம் 15 முதல் 25 விழுக்காடு வரை வேண்டும். ஐந்தாம் சக்கரம் என்றதும் நம் ஓட்டுநர் ஸ்டெப்னியைத்தான் நினைப்பார். அதைத் ‘தட்டுக் கொக்கி’ என்றும், வண்டியின் பின்முனையில் இருப்பதை ‘வால்கொக்கி’ என்றும் பிரித்து எழுதினால், எந்த விழுக்காடு எதற்கு என்பதில் குழப்பம் வராது.