முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது?

முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து சில வாரங்கள் ஆனவரிடம் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "பரவாயில்லை, கொஞ்சம் மடக்க வருகிறது" என்பார். அந்தக் 'கொஞ்சம்' 70 டிகிரியா, 110 டிகிரியா என்று தெரியாமல் ஒரு பிசியோதெரபிஸ்ட்டால் உருப்படியாக எதையும் செய்ய முடியாது. கால் நேராக நீண்டிருப்பதை 0 டிகிரி என்று வைத்துக்கொண்டால், சமதரையில் நடக்க முழங்கால் ஏறத்தாழ 60 டிகிரி மடங்கினால் போதும். மாடிப்படி ஏறி இறங்க 90 டிகிரி அளவுக்கு வேண்டும். சாதாரண உயரமுள்ள நாற்காலியிலிருந்து சிரமமின்றி எழுந்திருக்க 90 முதல் 105 வரை தேவைப்படும். தரையில் குந்தி உட்காருவதற்கோ 130 டிகிரியும் அதற்கு மேலும் வேண்டும். செயற்கை மூட்டு பொருத்தியவர்களைக் குந்தி உட்கார வேண்டாம் என்று மருத்துவர்கள் பெரும்பாலும் சொல்லிவிடுகிறார்கள். ஆகவே அவர்கள் வீட்டுக் கழிப்பறையை எப்படி மாற்றுவது என்பதுகூட இந்த எண்களோடு சேர்ந்த பேச்சுதான்.

உடலின் அசைவை இப்படிக் கோணமாக, தூரமாக, நேரமாக, விசையாகப் பார்ப்பதைத்தான் பயோமெக்கானிக்ஸ் என்கிறோம். விளையாட்டு வீரர்களுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் மட்டுமே உரியது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மூட்டுவலியோடு வாழும் ஒவ்வொரு வீட்டிலும் இதன் அடிப்படைகள் தெரிந்திருக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

கோணத்தை அளக்க எங்கள் மேசையில் இருக்கும் கருவி கோனியோமீட்டர். பள்ளிக்கூடப் பாகைமானியில் இரண்டு நீளமான சட்டங்களைப் பொருத்தியது போல இருக்கும். நோயாளியை மல்லாந்து படுக்க வைத்து, முழங்காலின் வெளிப்புறத்தில் விரலால் தடவி, தொடை எலும்பின் கீழ்முனைப் புடைப்பைக் கண்டுபிடிப்போம். கருவியின் நடு அச்சு அங்கே இருக்க வேண்டும். அசையாத சட்டம் இடுப்பின் பக்கவாட்டில், காலை உள்ளும் புறமும் திருப்பும்போது கைக்கு அடியில் உருளும் எலும்பை நோக்க வேண்டும். அசையும் சட்டம் கணுக்காலின் வெளிப்புறப் புடைப்பை நோக்க வேண்டும். பிறகு குதிகாலைப் படுக்கையில் இழுத்தபடி நோயாளி தானாக மடக்குவார். அதைக் குறித்துக்கொண்டு, நாங்கள் மெல்ல அழுத்தி இன்னும் எவ்வளவு போகிறது என்று பார்ப்போம். தானாக மடங்கும் கோணமும் நாங்கள் மடக்கும் கோணமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் இறுக்கம் பெரும்பாலும் மூட்டிலும் அதைச் சுற்றியுள்ள திசுக்களிலும் இருக்கிறது. நாங்கள் மடக்கும்போது மட்டும் தாராளமாகப் போனால், தசை பலவீனத்தையோ வலியையோ தேட வேண்டும். ஒரே காலுக்கு இரண்டு எண்கள். இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு.

கோனியோமீட்டர் கையாலும் கண்ணாலும் இயங்கும் கருவி. அளப்பவர் மாறினாலே 5 டிகிரி வரை வித்தியாசம் வரக்கூடும். போன வாரம் 92, இந்த வாரம் 95 என்றால் அதை முன்னேற்றம் என்று கொண்டாடவும் வேண்டாம்; 89 என்றால் கலங்கவும் வேண்டாம். ஒரே ஆள், ஒரே படுக்கை நிலை, முடிந்தால் நாளின் ஒரே வேளை என்று வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் எண் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

மடக்குவதைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுகிறார்கள். நீட்டுவதைக் கவனிப்பவர்கள் குறைவு. முழங்கால் முழுதாக நீண்டால் 0 டிகிரி. அது 10 டிகிரியிலேயே நின்றுவிட்டால், நிற்கும் நேரமெல்லாம் தொடையின் முன்தசை ஓய்வில்லாமல் உழைக்க வேண்டியிருக்கும். நடந்தால் கால் சீக்கிரம் களைத்துவிடும். இரவில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குவது சுகமாகத்தான் இருக்கும். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அந்தப் பழக்கம் இந்த 10 டிகிரியை நிரந்தரமாக்கிவிடக் கூடும். வீட்டில் இருப்பவர்கள் அன்பினால் செய்யும் காரியம்தான். ஆனாலும் தலையணையை எடுத்துவிடுங்கள்.

கோணம் அசைவின் உருவத்தைச் சொல்கிறது. மூட்டின்மேல் எவ்வளவு பாரம் ஏறுகிறது என்பதைச் சொல்வது விசை. பத்தாம் வகுப்பு அறிவியலில் படித்த திருப்புத்திறனை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: விசையை, அச்சிலிருந்து அதன் செங்குத்துத் தொலைவால் பெருக்கினால் வருவது.

60 கிலோ எடையுள்ள ஒருவர் வலது காலில் மட்டும் நிற்கிறார். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் எல்லோரும் இப்படி ஒற்றைக்காலில் நிற்கிறோம். ஊன்றிய கால் போக மீதி உடல் சுமார் 50 கிலோ. அதன் எடை வலது இடுப்பு மூட்டிலிருந்து ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உள்ளே விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். இடுப்பு இடப்பக்கம் சரிந்துவிடாமல் வலப்பக்கத் தசைகள் இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்தத் தசைகளுக்குக் கிடைக்கும் தொலைவு சுமார் 5 சென்டிமீட்டர்தான். பாதித் தூரம் என்பதால் இரண்டு மடங்கு இழுக்க வேண்டும். அதாவது 100 கிலோ. உடலின் 50, தசையின் 100, ஆக மூட்டின்மேல் 150 கிலோ. எலும்பின் சாய்வு முதலியவற்றை விட்டுவிட்டுப் போட்ட எளிய கணக்கு இது. இருந்தாலும் ஒற்றைக்காலில் நிற்கையில் இடுப்பு மூட்டு உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு சுமக்கிறது என்ற நிலையை இது சரியாகவே காட்டுகிறது.

இப்போது இடது கையில் ஒரு கைத்தடியைக் கொடுப்போம். வலது இடுப்பிலிருந்து அந்தத் தடி 45 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. வெறும் 5 கிலோ அளவுக்கு அதை அழுத்தினாலும், தொலைவு அதிகம் என்பதால் தசை இழுக்க வேண்டிய 100 கிலோ 55 ஆகக் குறைந்துவிடுகிறது. உடலின் 50 கிலோவில் 5 கிலோவைத் தடியே தாங்கிக்கொள்வதால், மூட்டின் மொத்தப் பாரம் 150 கிலோவிலிருந்து 100 கிலோவுக்கு இறங்குகிறது. வலிக்கிற பக்கத்துக் கையிலேயே தடியைப் பிடித்தால் இந்த ஆதாயம் கிடையாது. தடி இடுப்பு மூட்டுக்கு வெளிப்புறமாக ஊன்றப்படுவதால் அதன் விசை தசைக்கு உதவாமல் எதிர்ப்பக்கமே திருப்புகிறது. அதைச் சமாளிக்க உடல் தடியின்மேல் சாய்ந்து விந்தி நடக்கிறது. பேருந்து நிலையத்திலும் கோயில் வாசலிலும் பத்துப் பேரைக் கவனித்துப் பாருங்கள், வலிக்கும் பக்கத்திலேயே தடி பிடித்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று தெரியும். எனக்கு உண்மையாகவே மனம் தாங்குவதில்லை. ஒரு பைசா செலவில்லாமல் கையை மாற்றினால் போதும். தடியின் உயரமும் முக்கியம்: கையைத் தொங்கவிட்டு நின்றால், மணிக்கட்டு ரேகைக்கு நேராகப் பிடி வர வேண்டும். முழங்கால் வலி என்றாலும் தடி எதிர்ப்பக்கக் கையில்தான்.

நடையை அளப்பது இன்னும் எளிது. ஒரு குதிகால் தரையைத் தொட்டதிலிருந்து அதே குதிகால் மறுபடி தொடும் வரை ஒரு நடைச் சுற்று. அதில் ஏறத்தாழ 60 சதவீத நேரம் கால் தரையில் இருக்கும், 40 சதவீதம் காற்றில் இருக்கும். வலியுள்ள காலைத் தரையில் வைக்கும் நேரத்தை உடல் தானாகவே குறைத்துக்கொள்ளும். ஆள் அறைக்குள் வருமுன்பே வராந்தாவில் செருப்புச் சத்தத்தை வைத்து இதைச் சொல்லிவிடலாம். இரண்டு தட்டல்களுக்கு நடுவிலுள்ள இடைவெளிகள் ஒன்றுபோல் இருக்காது.

வேகத்தை அளக்க மொட்டை மாடி போதும். 6 மீட்டருக்குச் சாக்பீஸால் இரண்டு கோடுகள் போடுங்கள். கோட்டுக்கு இரண்டடி முன்னிருந்தே நடக்கத் தொடங்கி, அடுத்த கோட்டைத் தாண்டியும் நடக்கச் சொல்லுங்கள். வழக்கமான நடைதான், ஓட்டம் வேண்டாம். 6 நொடிக்குமேல் ஆனால் வேகம் நொடிக்கு 1 மீட்டருக்குக் குறைவு. முதியவர்களின் தசையிழப்பை மதிப்பிட ஆசிய நிபுணர் குழு 2019-இல் வகுத்த எல்லைகளில் இதுவும் ஒன்று. கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 நொடியோ அதற்கு மேலோ ஆவது இன்னொன்று. எண் இப்படி வந்தால் "வயசாகிவிட்டது" என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள். சோதனையின்போது தடுமாறினால் பிடிக்க ஒருவர் பக்கத்தில் நிற்பது கட்டாயம்.

நடக்கும் வீடியோவைச் செல்போனில் எடுத்து வருபவர்கள் இப்போது அதிகம், நல்ல பழக்கம். ஆனால் பெரும்பாலும் பின்னாலேயே நடந்துகொண்டு, நின்ற உயரத்திலிருந்து சாய்வாக எடுத்துவருகிறார்கள். அதில் கோணம் எதையும் நம்ப முடியாது. முழங்கால் மடங்குவதையும் நீள்வதையும் பார்க்க நேர் பக்கவாட்டிலிருந்து எடுக்க வேண்டும். முழங்கால் உள்பக்கம் விழுவதையும் இடுப்பு சரிவதையும் பார்க்க நேர் எதிரிலிருந்து எடுக்க வேண்டும். போனை இடுப்புக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட உயரத்தில் ஒரு ஸ்டூலின்மேல் அசையாமல் வையுங்கள். நடப்பவர் மூன்று நான்கு மீட்டர் தள்ளிக் கடந்து போகட்டும். வேட்டியை மடித்துக் கட்டச் சொல்லுங்கள். புடவை, நைட்டி என்றால் அன்றைக்கு மட்டும் முழங்கால் தெரியும்படி ஓர் அரைக்கால் சட்டை. பக்கவாட்டில் இரண்டு பக்கமும், முன்னாலும் பின்னாலும் என்று நான்கு துண்டு வீடியோ இருந்தால் எங்களுக்குத் தாராளம்.